மிசிசிப்பிக் கரையில் புதைந்த கற்கள்

வட அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றை அடுத்த வயல்களிலும் மரக்காடுகளிலும் சிற்சில இடங்களில், தரைக்குமேல் ஓரடி உயரத்திற்கு நிற்கும் இரும்புக் குழாய் ஒன்றைக் காணலாம். துருவேறிய அதன் தலையில் ஒரு மூடி இருக்கும். மூடியின்மீது சில எழுத்துகளும் எண்களும் வார்க்கப்பட்டோ வெட்டப்பட்டோ இருக்கும். உழவர் அதனைச் சுற்றிக்கொண்டு உழுபொறியை ஓட்டிச் செல்வர். பழைய கிணற்றுக் குழாய் என்று சிலர் எண்ணுவர். எண்ணெய் தேடித் துளைத்தவர்கள் விட்டுச் சென்றது என்று வேறு சிலர் கூறுவர். உண்மையில் அது நூற்றாண்டுக்கு முன் அந்த ஆற்றை அளந்தவர்கள் நட்டுச் சென்ற அடையாளம். கண்ணுக்குத் தெரிகின்ற குழாயைவிட அதன் அடியில் மண்ணுக்குள் கிடப்பதே முதன்மையானது. அந்த அடையாளங்களைத் தேடிக் கண்டறிவதும், கண்டது இன்னதுதான் என உறுதி செய்வதும் எத்தகைய பணி என்பதையே இக்கட்டுரை ஆராய்கின்றது.

கல்லை நட்டு அதிலே செய்தியைப் பொறிக்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று. நடுகல்லைப் பற்றியும் கல்வெட்டைப் பற்றியும் மாணவர்க்கு நாம் நாள்தோறும் சொல்லிக் கொடுக்கின்றோம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கல்வெட்டு தன் செய்தியைத் தானே சொல்லும். கோயிலை விட்டுப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைத்தாலும் அதனைப் படிக்கலாம். அளவைக் கல்லோ நிற்கும் இடத்தினாலேயே பொருள் பெறுகின்றது. ஒருசாண் நகர்த்திவிட்டால் அது வெறுங்கல். ஓரங்குலம் அமிழ்ந்துவிட்டால் பொய்க்கல். இதனை மனத்திற் கொண்டே மேற்செல்ல வேண்டும்.

மிசிசிப்பி ஏறத்தாழ 2,340 மைல் நீளமுடையது. அதன் வடிநிலம் சுமார் பன்னிரண்டு இலட்சம் சதுர மைல் பரப்பிற்கு விரிந்து கிடக்கின்றது. ஒகையோ ஆறு வந்து கலக்கும் கெய்ரோ என்னும் ஊருக்குக் கீழே, ஆறு தானே கொண்டுவந்து கொட்டிய வண்டலின்மீது வளைந்து வளைந்து ஓடுகின்றது. வளைவின் வெளிக்கரையை அரிப்பதும் உட்கரையில் மணலைச் சேர்ப்பதும் அதன் நாளாந்தத் தொழில். வளைவு மிகுந்து கழுத்துப்போல் குறுகிய நிலையில், வெள்ளக் காலத்து ஒருநாள் அக்கழுத்தை அறுத்துக்கொண்டு நேர்வழியாகப் பாய்ந்துவிடும். பழைய வளைவு குதிரை இலாடம்போன்ற ஏரியாகத் தேங்கிக் கிடக்கும். 1876-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் விக்ஸ்பர்க் நகருக்கு எதிரே ஆறு இவ்வாறு வழிமாறியதால், உள்நாட்டுப் போரில் பேர்பெற்ற அத்துறைமுக நகரம் ஆற்றின் பெருவழியை இழந்து நின்றது. யாசூ ஆற்றைக் கால்வாய் வெட்டித் திருப்பி, 1903-இல்தான் அந்நகரின் முகப்பிற்கு மீண்டும் நீரைக் கொணர்ந்தனர். 1881-இல் இல்லினாய் மாநிலத்தின் முதல் தலைநகராய் விளங்கிய கஸ்காஸ்கியாவை ஆறு தன் புதிய வழியில் அரித்தெடுத்தது. அவ்வூரின் எஞ்சிய பகுதி இன்றும் இல்லினாய்க்கே உரியது. ஆனால் ஆற்றின் மேற்கே, மிசௌரி மாநிலத்துப் பக்கத்தில் கிடக்கின்றது.

இத்தகைய ஆற்றை அடக்கவேண்டும், கப்பல் செல்லத்தக்க ஆழமுடையதாக்க வேண்டும், வெள்ளத்தைக் கரையணைகளுக்குள் நிறுத்தவேண்டும் என்று முனைந்தவர்கள், முதலில் அதனை அளந்தாக வேண்டியவர்களாயினர். பேரேரிகளை அளந்துவந்த இராணுவப் பொறியாளர் குழு, சைரஸ் காம்ஸ்டாக் என்பாரின் தலைமையில் 1876-இல் மிசிசிப்பிக்கு இறங்கி வந்தது. 1879-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தால் மிசிசிப்பி ஆற்று ஆணையம் தோன்றிற்று. எழுவர் கொண்ட அவ்வாணையத்தில் இராணுவப் பொறியாளர் மூவர், கடற்கரை அளவைத் துறையினர் ஒருவர், ஏனைய மூவர் பொதுமக்களிலிருந்து அமர்த்தப்பட்டோர். முதல் உறுப்பினருள் காம்ஸ்டாக்கும் இருந்தார். செயிண்ட் லூயிஸ் நகரின் புகழ்பெற்ற பாலத்தைக் கட்டிய ஜேம்ஸ் ஈட்ஸும் இருந்தார். பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவரான பெஞ்சமின் ஹாரிசனும் இருந்தார். ஆற்றை எவ்வாறு அடக்குவது என்பதில் இவர்களுக்குள் கருத்து வேறுபாடுகள் இருந்தன. ஆனால் அளவை நடைபெற வேண்டும் என்பதில் வேறுபாடு எழவில்லை.

அளவையாளர்க்கு நேர்ந்த முதல் இடர்ப்பாடு, குறியை எங்கே இடுவது என்பது. மலைநாட்டில் பாறையில் உளியால் ஒரு கோடு வெட்டினால் போதும். பெஞ்ச் மார்க் என்று இன்று எல்லாரும் வழங்கும் சொல்லே அவ்வாறு பிறந்ததுதான். கற்சுவரிலோ பாறையிலோ கிடைக்கோடாக ஒரு வெட்டு வெட்டி, அதிலே இரும்புப் பட்டையொன்றைச் செருகி, அளவுகோலை நிறுத்துவதற்கு ஒரு சிறு பலகைபோல் அமைத்துக் கொள்வர். அந்தப் பலகைக்கு ஏற்ற குறி என்பதே அப்பெயரின் பொருள். வண்டல் நிலத்திலோ பாறை கிடையாது. ஊர்களும் அரிதாகவே இருந்தன. மரத்தில் ஆணி அடித்தால் மரத்தை வெட்டிவிடுவர். மரக்கட்டையை நட்டால் ஈரத்தில் உளுத்துவிடும்.

ஆகவே ஆணையத்தினர் ஒரு புதிய அமைப்பை வகுத்தனர். சுமார் பதினெட்டு அங்குலச் சதுரமும் நான்கு அங்குலக் கனமும் உடைய கற்பலகை அல்லது சுட்ட களிமண் பலகை ஒன்றின் நடுவே செம்பு ஆணியைப் பதித்தனர். அப்பலகையை ஏறக்குறைய மூன்றடி ஆழத்தில் கிடையாகப் புதைத்தனர். ஆணிக்கு நேர்மேலே நான்கங்குல விட்டமுள்ள இரும்புக் குழாயை நிறுத்தி, மண்ணை இட்டு நிரப்பி, குழாயின் தலை தரைக்குமேல் ஓரடி தெரியுமாறு விட்டு, அதன்மேல் மூடியைப் பொருத்தினர். இவ்வேற்பாட்டின் நுட்பத்தைச் சற்று நின்று நோக்குதல் தகும். கலப்பை மோதினால் குழாய் சாயும், பலகை அசையாது. இரும்பு துருப்பிடிக்கும், செம்பு நிலைக்கும். மேலே தெரிவது வழிகாட்டி மட்டுமே. உண்மையான குறி கலப்பைக்கு எட்டாத ஆழத்திலே உறங்குகின்றது. பேரேரி அளவையிலும் மிசிசிப்பி அளவையிலும் பணியாற்றிப் பின்னர்ப் பேராசிரியரான ஜான் பட்லர் ஜான்சன், 1886-இல் வெளியிட்ட நில அளவைப் பாடநூலில், தாம் பணியாற்றிய இவ்வளவையின் முறைகளை மாணவர்க்கு விளக்கியுள்ளார். களத்தில் கற்றதை வகுப்பறைக்குக் கொணர்ந்த ஆசிரியர் என்ற முறையில் அவரை நாம் மதிக்கலாம்.

கற்களை நட்ட ஒழுங்கும் கருதத்தக்கது. ஆற்றின் போக்கில் ஏறத்தாழ மும்மைலுக்கு ஒன்றாக, ஆற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லும் கோடுகளைக் கற்பித்துக்கொண்டனர். ஒவ்வொரு கோட்டிலும் நான்கு கற்கள்: இக்கரையில் இரண்டு, அக்கரையில் இரண்டு. ஒன்று கரைக்கு அருகே. மற்றொன்று உள்ளே தள்ளி. கரையை ஆறு அரிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். முன்னிற்கும் கல்லை ஆறு கொண்டு சென்றாலும் பின்னிற்கும் கல் எஞ்சும் என்பது கணக்கு. இக்கணக்கு எல்லா இடத்திலும் பலிக்கவில்லை. ஆயினும் இழப்பை முன்கூட்டியே எதிர்பார்த்து அதற்கென ஒரு கல்லை ஒதுக்கி வைத்த அறிவு பாராட்டுக்குரியது. மூடியின்மேல் பின்ன எண்போல் மேலும் கீழுமாக இரண்டு எண்கள் இருப்பின், ஒன்று கோட்டின் எண், மற்றொன்று அக்கோட்டில் அக்கல் எத்தனையாவது என்பதைக் காட்டும் எண். தேடுவோர்க்கு இவ்விரண்டும் திறவுகோல்.

இனி, உயரத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அளவையாளர் ஒரு கல்லிலிருந்து மறுகல்லுக்கு மட்டக்கருவியால் பார்த்துப் பார்த்து உயர வேறுபாட்டைக் கணக்கிட்டுச் செல்வர். ஒருமுறை சென்ற வழியே மறுமுறை திரும்பி வந்து பிழையைச் சரிபார்ப்பர். ஆனால் எதிலிருந்து அளப்பது? கடல்மட்டத்திலிருந்து என்று விடை கூறுதல் எளிது. பணி தொடங்கிய காலத்தில் கடலோடு ஆற்றின் நடுப்பகுதியை இணைக்கும் துல்லியமான மட்ட அளவை முடிந்திருக்கவில்லை. ஆகவே கெய்ரோவுக்கு ஓர் அடிமட்டம், மெம்பிஸுக்கு ஓர் அடிமட்டம் எனப் பாவனையான பூச்சியங்களைக் கொண்டு கணக்கிட்டனர். பின்னர்க் கடலோடு இணைத்துப் பார்த்தபோது, மெம்பிஸ் பூச்சியம் வளைகுடாவின் சராசரி மட்டத்திற்குச் சுமார் எட்டடி கீழே இருந்தது. கெய்ரோ பூச்சியம் இருபதடிக்கும் சற்றுக் கூடுதலாகக் கீழே இருந்தது. பழைய ஏட்டில் ஒரு கல்லின் உயரம் இத்தனை அடி என்று கண்டவுடன் மகிழ்ந்துவிடக் கூடாது. எந்தப் பூச்சியத்திலிருந்து என்று கேட்கவேண்டும். நாணயத்தின் பெயரைச் சொல்லாமல் விலையை மட்டும் சொல்வது போன்றது அது.

பூச்சியங்கள் அத்துடன் நிற்கவில்லை. நாடு முழுதும் நடந்த மட்ட அளவைகளை ஒன்றாக்கிச் சரிசெய்த கணக்கு 1912-இல் வந்தது. பின் 1929-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள 26 அலைமட்ட நிலையங்களைக் கொண்டு மற்றொரு கணக்கு வந்தது. 1988-ஆம் ஆண்டின் பெயரைத் தாங்கிய கணக்கு, கனடாவின் ரிமுஸ்கி என்னுமிடத்தில் செயிண்ட் லாரன்ஸ் ஆற்றுக் கழிமுகத்தில் உள்ள ஒரே குறியிலிருந்து தொடங்கியது. மேல்மிசிசிப்பியில் அணைகளை இயக்கும் பொறியாளர்கள் 1912-ஆம் ஆண்டுக் கணக்கையே நெடுங்காலம் கையாண்டு வந்தனர். பழைய பதிவுகள் யாவும் அதிலே இருந்தமையே காரணம். இங்கே நம் நாட்டைப் பற்றியும் ஒரு சொல். மலாயாவின் நில அளவைத் துறை கொண்ட பழைய அடிமட்டமும், போர்ட் சுவெட்டன்ஹாமில் 1911-லும் 1912-லும் சில மாதங்கள் அலையை அளந்து நிறுவப்பட்டதே. அதுவும் 1912-ஆம் ஆண்டின் பெயரையே தாங்கிற்று. 1984 முதல் 1993 வரை பத்தாண்டுகள் போர்ட் கிள்ளானில் அலையை அளந்து புதிய அடிமட்டத்தை வகுக்கும்வரை அதுவே நின்றது. கடல்மட்டம் என்பது இயற்கை தந்த ஒரு கோடு என்று பள்ளியில் கற்பிக்கின்றோம். அது மனிதர் சில காலம் பார்த்துச் சராசரி கண்டு ஒப்புக்கொண்ட ஓர் எண் என்பதையும் சேர்த்துக் கற்பித்தல் நலம்.

தேடும் பணிக்கு வருவோம். தேடுவோர் முதலில் செல்வது களத்திற்கன்று, ஏட்டிற்கே. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு விளக்கக் குறிப்பு எழுதப்பட்டிருக்கும்: எக்கரையில், எந்தப் படகுத் துறைக்கு மேலே, எவருடைய தோட்டத்தில், வீட்டு மூலையிலிருந்து எத்தனை அடியில், எந்த மரத்திலிருந்து எத்திசையில் என்றவாறு. இவற்றுள் பெரும்பாலானவை இன்றில்லை. தோட்டக்காரர் மாறிவிட்டார், வீடு எரிந்தோ இடிந்தோ போயிற்று, படகுத் துறையை ஆறு விட்டு விலகிவிட்டது, மரத்தை வெட்டிப் பல தலைமுறை ஆயிற்று. ஆயினும் குறிப்பு பயனற்றது என்று ஒதுக்கிவிடலாகாது. வீடு இடிந்த இடத்தில் செங்கல் தூள் மண்ணில் கலந்து கிடக்கும். வாசலில் நட்ட பூச்செடி காடாய்ப் படர்ந்திருக்கும். பழைய வேலியின் வரிசை இன்றும் வயல் எல்லையாக இருக்கும். சொத்துப் பத்திரங்களைப் புரட்டினால் பழைய உரிமையாளர் பெயரும் அவர் நிலத்தின் எல்லையும் கிடைக்கும். ஆகவே கல்லைத் தேடுபவர் அளவையாளராக மட்டுமல்லர், ஊர் வரலாறு எழுதுபவராகவும் ஆகிவிடுகின்றார்.

ஏட்டைப் படிப்பதிலும் வழுக்குமிடங்கள் பல. இடக்கரை, வலக்கரை என்பன ஆறு செல்லும் திசையை நோக்கி நின்று சொல்லப்படுபவை. கப்பலில் மேல்நோக்கிச் செல்பவர் இதனை மறந்தால் எதிர்க்கரையில் போய்த் தேடுவார். வடக்கு என்று எழுதியிருப்பின் அது காந்த ஊசி காட்டும் வடக்கா, மெய்யான வடக்கா என்று அறிய வேண்டும். ஊசி காட்டும் திசை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மாறிவருவது. எல்லாவற்றிலும் பெரிய குழப்பம் ஆற்று மைல் எண். 1927-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் சுமார் 27,000 சதுர மைல் நிலத்தை மூழ்கடித்தபின், ஆற்றின் வளைவுகளைச் செயற்கையாக வெட்டி நேராக்கும் பணி நடந்தது. 1929-க்கும் 1942-க்கும் இடையே பதினாறு வெட்டுகளால் ஆறு ஏறத்தாழ 150 மைல் குறுகிற்று. ஆகவே 1880-களில் எழுதப்பட்ட மைல் எண்ணும் இன்றைய மைல் எண்ணும் ஒரே இடத்தைக் குறிப்பதில்லை. கீழ்மிசிசிப்பியில் 1962-ஆம் ஆண்டு வரையறுத்த மைல் எண்களும், மேல்மிசிசிப்பியில் ஒகையோ கலக்குமிடத்திலிருந்து கணக்கிட்ட எண்களும் வழங்குகின்றன. எண்ணை நம்பிப் படகைச் செலுத்தியவர் பத்து மைல் தள்ளி நிற்க நேரிடலாம்.

இக்குழப்பத்தை நீக்குவது பழைய நிலப்படம். ஆணையம் 1:20,000 என்ற அளவில் ஆற்றின் படங்களை வெளியிட்டது. கரை, மணல்திட்டு, காடு, வயல், வீடு, கரையணை, அளவைக் கல் ஆகிய அனைத்தும் அவற்றில் காட்டப்பட்டுள்ளன. பழைய படத்தை இன்றைய படத்தின்மேல் பொருத்துவதற்கு இரண்டிலும் மாறாத புள்ளிகள் சில வேண்டும். ஆறு மாறிவிட்டது, கரை மாறிவிட்டது, மாறாதிருப்பது எது? நிலத்தை ஆறுமைல் சதுரங்களாகப் பகுத்த அரசு நில அளவையின் கோடுகள், நகரத் தெருக்கள், நீதிமன்றக் கட்டடம், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கண்டெடுக்கப்பட்ட கற்கள் ஆகியவையே. ஒரு கல் கிடைத்துவிட்டால் அதே கோட்டின் ஏனைய கற்கள் எங்கிருக்கவேண்டும் என்பதைப் பழைய கணக்கிலிருந்தே பெறலாம். முதற்கல்லைக் கண்டுபிடிக்க ஒரு வாரம், அடுத்த கல்லுக்கு ஒரு முற்பகல் என்ற நிலை ஏற்படுவது இதனாலேயே.

களத்தில் கையாளும் கருவிகள் எளியவை: உலோகங்காட்டும் கருவி, கூர்முனை இரும்புக் கம்பி, மண்வெட்டி, அளவுநாடா. பனிக்காலமும் இலையுதிர்ந்த காலமும் தேடுவதற்கு ஏற்றவை. கோடையில் புதர்களும் கொடிகளும் மூடிவிடும், பாம்புகளும் மிகுதி. ஓரடி உயரம் நிற்கவேண்டிய குழாய் கண்ணுக்குத் தெரியாதபோது, அது போய்விட்டது என்று கருதுவதே மனித இயல்பு. ஆனால் வெள்ளம் ஒவ்வொரு முறையும் வண்டலைப் படியவைத்துச் செல்கின்றது. கரையணைக்கும் ஆற்றிற்கும் இடைப்பட்ட நிலம் நூறாண்டில் பலவடி உயர்ந்துவிடுவதுண்டு. குழாய் போகவில்லை, தரைதான் அதனை விழுங்கி மேலே வந்துவிட்டது. இவ்வாறு புதையும் வண்டலின் ஆழத்திற்கு மற்றொரு சான்று கூறலாம். 1865-இல் மெம்பிஸுக்கு மேலே கொதிகலன் வெடித்து ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட சுல்தானா என்னும் நீராவிக் கப்பலின் மிச்சம் எனக் கருதப்படும் மரச்சிதைவு, 1982-இல் ஆர்கன்சாவின் சோயா வயல் ஒன்றின் அடியில் முப்பதடிக்கும் கீழே கண்டறியப்பட்டது. கப்பல் கிடந்த ஆறு வயலாகிவிட்டது. ஆறு வேறிடத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றது.

கண்டெடுத்தபின் வருவது அடையாளம் காணும் பணி. இதுவே அறிவுக்கு வேலை தருவது. ஆற்றங்கரையில் குறியிட்டவர் ஆணையத்தார் மட்டுமல்லர். கடற்கரை அளவைத் துறையினர் இருபதாம் நூற்றாண்டில் வட்டமான பித்தளை, வெண்கலத் தகடுகளைக் காங்கிரீட்டில் பதித்தனர். இராணுவப் பொறியாளர் படையும் தன் தகடுகளைப் பதித்தது. அரசு நில அளவையின் மூலைக் கற்கள் வேறு. மாவட்டத்துச் சர்வேயர்கள் அடித்த இரும்புக் கம்பிகள் வேறு. குழாய் நிறுவனங்களின் அடையாளங்கள் வேறு. இரும்புக் குழாய் கிடைத்தவுடன் ஆணையத்தின் குறி என்று அறிவித்துவிடுவது தொடக்கத்தார் செய்யும் பிழை. விட்டம் நான்கங்குலமா? மூடி உண்டா? மூடியில் யு.எஸ். என்றும் பி.எம். என்றும் எழுத்துகள் உள்ளனவா? எண், ஏட்டிலுள்ள எண்ணோடு ஒத்துவருகின்றதா? எண் துருவில் மறைந்திருப்பின் கம்பித் தூரிகையால் மெல்லத் தேய்த்து, பக்கவாட்டில் ஒளி படுமாறு செய்து படிக்கவேண்டும். கல்வெட்டு ஆய்வாளர் செய்வதும் இதுவேயன்றோ?

மூடி ஒத்துவந்தாலும் வினா முடிவதில்லை. குழாய் அதே இடத்தில்தான் நிற்கின்றதா? உழவர் ஒருவர் சாய்ந்த குழாயைப் பிடுங்கி வேலியோரத்தில் நட்டிருக்கக்கூடும். நல்லெண்ணத்தோடு செய்த செயலே கல்லைப் பொய்யாக்கிவிடும். இதற்குத் தேர்வு, அடியில் தோண்டிப் பார்ப்பதுதான். பலகையும் செம்பு ஆணியும் நேர்கீழே இருப்பின் ஐயமில்லை. குழாய் சாய்ந்திருந்தாலும் பலகை கிடையாக இருந்தால் பலகையின் உயரத்தைக் கொள்ளலாம். ஆணிக்கு ஓர் உயரமும் மூடிக்கு ஓர் உயரமும் ஏட்டில் தனித்தனியே கொடுத்திருக்கும் இடங்களில், எது எதற்குரியது என்று மயங்கினால் நான்கடிக்குக் குறையாத பிழை நேரும். கோட்டின் மறுகல் கிடைத்திருந்தால், இரண்டிற்கும் இடையிலுள்ள தூரத்தையும் உயர வேறுபாட்டையும் அளந்து பழைய கணக்கோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துவந்தால் இரண்டும் மெய். ஒவ்வாவிடின் இரண்டில் ஒன்று பொய். எது என்று கூற மூன்றாவது கல் வேண்டும்.

அறிக்கை எழுதும் முறையிலும் ஒரு நேர்மை உண்டு. தேடியும் கிடைக்காத கல்லைக் கிடைக்கவில்லை என்றே எழுதுவர். அழிந்தது என்று எழுதமாட்டார். அழிந்தது என்று பதிவதற்கு, பெயர்த்தெறியப்பட்ட கல்லையோ தகட்டையோ நேரில் கண்ட சான்று வேண்டும் என்பது அமெரிக்க நில அளவைத் துறையின் விதி. ஒருவர் கண்ணுக்கு அகப்படாதது மற்றொருவர் கண்ணுக்கு அகப்படலாம். ஆண்டுகள் பல கழித்து, கிடைக்கவில்லை என்று மும்முறை எழுதப்பட்ட கல்லே நான்காம் முறை கிடைப்பதும் உண்டு. இல்லை என்பதற்கும் கண்டிலேன் என்பதற்கும் உள்ள வேற்றுமையை இலக்கண வகுப்பில் விளக்குவதைவிட இங்கே விளக்குவது எளிது என்று எனக்குத் தோன்றுகின்றது. இத்தகைய அறிக்கைகளைத் துறையினர் மட்டும் எழுதுவதில்லை. பவர் ஸ்குவாட்ரன்ஸ் என்னும் படகோட்டுவோர் சங்கத்தினரும், பொழுதுபோக்காகத் தேடும் பொதுமக்களும் பல்லாண்டுகளாக எழுதி வந்துள்ளனர்.

உண்மையாகவே போய்விட்ட கற்களும் பல. முன்வரிசைக் கற்களை ஆறு அரித்தது. கரையணையைப் பின்தள்ளிக் கட்டியபோது சில கற்கள் அணையின் அடியில் அகப்பட்டன. மேல்மிசிசிப்பியில் ஒன்பதடி ஆழமுள்ள கப்பல் வழிக்கு 1930-இல் ஒப்புதல் கிடைத்தபின், அப்பத்தாண்டிலேயே அணைகளும் அடைப்புகளும் தொடர்ச்சியாகக் கட்டப்பட்டன; தாழ்ந்த கரையும் தீவுகளும் நீரில் மூழ்கியபோது அங்கு நின்ற கற்களும் மூழ்கின.

இவ்வளவு பாடுபட்டு ஒரு பழங்கல்லைக் கண்டுபிடிப்பதால் யாருக்கு என்ன பயன் என்ற வினா எழலாம். ஆறு எல்லையாக உள்ள மாநிலங்களுக்கு அது நிலவுரிமை வழக்கு. ஆறு மெல்ல மெல்ல நகர்ந்தால் எல்லையும் உடன் நகரும். திடீரென வழிமாறினால் எல்லை பழைய வழியிலேயே நிற்கும் என்பது அங்கு நிலைத்த சட்டம். 1876-இல் மெம்பிஸுக்கு மேலே ஆறு ஒரு வளைவை அறுத்துச் சென்றதை ஒட்டி ஆர்கன்சாவும் டென்னசியும் வழக்காடின. 1918-இல் நாட்டின் உச்ச நீதிமன்றம், பழைய வழியே எல்லை எனத் தீர்த்து, அக்கோடு எங்கே கிடந்தது என்று காண ஆணையர்களை அமர்த்திற்று. தண்ணீர் இல்லாத நிலத்தில், நாற்பதாண்டுக்கு முந்திய ஆற்றின் நடுவழியைக் கண்டுபிடிக்க வேண்டிய பணி அது! டென்னசிக்குரிய ரெவெரி என்னும் சிற்றூர் இன்றும் ஆர்கன்சா கரையில் இருப்பது இத்தகைய மாற்றத்தின் விளைவே.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. மிசிசிப்பியின் கழிமுகத்து நிலம் அமிழ்ந்து வருவது. வண்டல் தன் எடையாலேயே இறுகுகின்றது. நிலத்தடி நீரை இறைப்பதும் சதுப்பு நிலத்தை வடியவைப்பதும் அதனை விரைவுபடுத்துகின்றன. நிலம் அமிழும்போது அதிலுள்ள கல்லும் அமிழும். ஆனால் ஏட்டிலுள்ள எண் அமிழ்வதில்லை. கல்லை நம்பிக் கரையணையின் உயரத்தை வகுத்தவர், எண்ணின்படி சரியாகவும் உண்மையில் தாழ்வாகவும் கட்டியிருப்பார். 2005-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் நாள் கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்துப் பெருந்தொகையினரைப் பலிகொண்டபின், பொறியாளர் குழு நடத்திய ஆய்வில் இது வெளிப்பட்டது. நகரின் வடிகால் கால்வாய்களை ஒட்டிய வெள்ளத் தடுப்புச் சுவர்கள் சில, கருதிய உயரத்தைவிட ஓரடி முதல் ஈரடி வரை தாழ்வாகவே கட்டப்பட்டிருந்தன. கணக்கிற்குரிய பூச்சியத்தையும் உண்மைக் கடல்மட்டத்தையும் ஒன்றெனக் கொண்டமை அதன் காரணங்களுள் ஒன்று. தொழிற்கால்வாயை ஒட்டிய பழைய சுவர்களோ, கட்டியபின் நிலத்தோடு சேர்ந்து ஈரடிக்கு மேல் இறங்கியிருந்தன. வடிகால் கால்வாய்ச் சுவர்கள் இடிந்ததற்கு அடித்தளத்து மண்ணின் வலுவின்மையே முதற்காரணம் என்பதை மறைத்தலாகாது. உயரக் குறையே அனைத்திற்கும் காரணம் என்று கூறுவது மிகை. எனினும் பல்லாயிரம் குடும்பங்கள் நம்பி உறங்கிய ஒரு சுவரின் உயரம், எங்கோ ஒரு கல்லின் உண்மையைப் பொறுத்திருந்தது என்பது உண்மை.

அமிழும் கல்லே அமிழ்வை அளக்கும் கருவியும் ஆகின்றது. ஒரு காலத்தில் அளந்த உயரத்தையும் பிறிதொரு காலத்தில் அளந்த உயரத்தையும் ஒப்பிட்டால், இடைக்காலத்தில் நிலம் எவ்வளவு இறங்கிற்று என்பது தெரியும். 2004-இல் கர்ட் ஷிங்கிள், ராய் டோக்கா ஆகிய இருவரும் கீழ்மிசிசிப்பிப் பள்ளத்தாக்கிலும் வளைகுடாக் கரையிலும் உள்ள குறிகளின் பழைய மட்டப் பதிவுகளைத் திரட்டி, அவை இறங்கிய வேகத்தைக் கணக்கிட்டு வெளியிட்டனர். காரணங்களைப் பற்றி அறிஞரிடையே வழக்கு உண்டு. எண்களின் பொருளைப் பற்றியும் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் இவ்வழக்கிற்கே இடமளித்தவை, முன்னோர் நட்டுக் குறித்துவைத்த கற்களே. இடையில் ஒரு கல் பறிக்கப்பட்டிருந்தால் அவ்விடத்தின் வரலாறு அன்றே அறுந்திருக்கும்.

ஆதலின் கண்டெடுத்த கல்லை எவரும் வீட்டிற்கு எடுத்துச் செல்வதில்லை, செல்லவும் கூடாது. பலகையின்மேல் உள்ள மண்ணைக் கையால் அகற்றி, செம்பு ஆணியின் தலையைத் துடைத்து, அளவுகோலை அதன்மீது நிறுத்திப் படித்து, எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கின்றனர். செயற்கைக்கோள் வழி இடத்தை அறியும் கருவியால் அதன் நிலையைப் பதிந்து, மூடியைப் படமெடுத்துக் கொள்கின்றனர். பின்னர்த் தோண்டிய மண்ணைத் தோண்டிய ஒழுங்கிலேயே குழியில் இட்டு, காலால் மிதித்து இறுக்கி, குழாயின் தலையில் மூடியைப் பொருத்திவிட்டு, உழவரிடம் அதனை அசைக்க வேண்டாம் என்று சொல்லிப் புறப்படுகின்றனர்.